நிக்ரோம் ஏன்? – மின்தடைக் கம்பிகளை வகுப்பறையில் ஒப்பிடுதல்

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தை முடிக்கும்போது நாம் தவறாமல் எழுதிப் பார்க்கச் சொல்லும் குறுவினா ஒன்று உண்டு. ‘மின் சூடேற்றும் சாதனங்களில் நிக்ரோம் ஏன் பயன்படுத்தப்படுகிறது?’ விடையும் நம் நாக்கு நுனியிலேயே இருக்கும். மின்தடை எண் அதிகம், உருகுநிலை அதிகம், எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாது. மூன்றும் சரியான கருத்துகள். மூன்றையும் எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம்.

ஆனால் அதே பாடத்தில் சில பக்கங்கள் தள்ளி மின்திறன் வருகிறது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் திறன் என்று எழுதுகிறோம். இதைக் கவனித்த ஒரு மாணவி என்னிடம் கேட்டார்: “சார், வீட்டுல மின்னழுத்தம் எப்பவும் 230 வோல்ட்தானே? அப்படின்னா மின்தடை குறைஞ்சாத்தானே வெப்பம் அதிகமா வரணும்? செம்புக் கம்பியைப் போட்டா அடுப்பு இன்னும் நல்லா சூடாகணுமே, ஏன் மின்தடை அதிகமா இருக்கிற கம்பியைப் போடுறாங்க?”

இந்தக் கேள்வியை ‘ஜூல் வெப்ப விதிப்படி மின்தடை அதிகமானால் வெப்பம் அதிகம்’ என்று சொல்லி அமர்த்திவிட முடியாது. அந்த விதி மின்னோட்டம் மாறாமல் இருக்கும்போது பொருந்தும். வீட்டுச் சுற்றில் மாறாமல் இருப்பது மின்னழுத்தம். மாணவி சொன்னது முழுக்கச் சரி. பாடத்தை உண்மையாகப் படித்த குழந்தைக்குத்தான் இந்த ஐயம் வரும். அந்த ஐயத்தை நாம் மழுப்பினால், இயற்பியலில் சூத்திரங்கள் ஒன்றோடொன்று முரண்படும், கேட்காமல் எழுதிவிட்டுப் போக வேண்டும் என்ற பாடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். ஆகவே கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இந்தக் கணக்கை நான் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் மாணவர்களையே போட வைக்கிறேன்.

1000 வாட், 230 வோல்ட் மின் அடுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மின்தடை 230-இன் வர்க்கத்தை 1000-ஆல் வகுத்தால் வருவது, அதாவது ஏறத்தாழ 53 ஓம். எந்த உலோகத்தில் கம்பி செய்தாலும் இந்த 53 ஓம் வந்தாக வேண்டும். வந்துவிட்டால் ஒரு விநாடிக்கு 1000 ஜூல் வெப்பம் என்பது உறுதி. அது செம்பா, நிக்ரோமா என்பதைப் பற்றிச் சூத்திரத்துக்குக் கவலையில்லை. இதுவரை மாணவர்களுக்கு வியப்பாகவே இருக்கும்.

இப்போது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியைத் தேர்ந்தெடுப்போம். நிக்ரோமின் மின்தடை எண் 1.09 மைக்ரோ ஓம் மீட்டர். ஒரு மீட்டர் கம்பிக்கு ஐந்தரை ஓம் வரும். 53 ஓமுக்கு ஒன்பதரை மீட்டர் போதும். சுருளாகச் சுற்றி ஒரு பீங்கான் தட்டின் பள்ளத்துக்குள் அடக்கிவிடலாம். அதே விட்டத்தில் செம்பு என்றால் ஒரு மீட்டருக்கு 0.09 ஓம் கூட இல்லை. 53 ஓமுக்கு ஏறத்தாழ 610 மீட்டர் வேண்டும். எடை போட்டுப் பார்த்தால் நிக்ரோம் சுமார் 16 கிராம். செம்பு ஒரு கிலோவுக்கும் சற்று மேல்.

இதோடு நிறுத்தினால் ‘செம்பு அதிகம் தேவைப்படும், செலவு அதிகம்’ என்ற முடிவோடு போய்விடுவார்கள். இன்னும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். கம்பியின் மேற்பரப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள். நிக்ரோம் கம்பியின் மேற்பரப்பு ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 6.7 வாட் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். செம்புக் கம்பியின் மேற்பரப்போ 9,500 சதுர சென்டிமீட்டருக்கும் மேல். ஒவ்வொன்றின் பங்கு 0.1 வாட். 1000 வாட் இரண்டுக்கும் பொது. ஒன்றில் அது சிறு இடத்தில் குவிகிறது, மற்றொன்றில் பரந்து கிடக்கிறது. நிக்ரோம் சிவக்கும், செம்பு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று ஏழாம் வகுப்பிலிருந்து சொல்லி வருகிறோமே, அது உண்மையாகவே மனத்தில் பதியும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

கூர்மையான மாணவர் ஒருவர் இருந்தால் இங்கேயும் விடமாட்டார். “செம்புக் கம்பியை இன்னும் மெல்லிசா இழுத்தா?” என்பார். நல்ல கேள்வி. விட்டம் 0.1 மில்லிமீட்டர் என்றால் 25 மீட்டரே போதும். தலைமுடியைவிடச் சற்றே தடித்த அந்தக் கம்பியை மேலும் குறைத்துக்கொண்டே போனால் செம்பும் சிவக்கத்தான் செய்யும். ஆக, ‘மின்தடை எண் குறைவு, அதனால் செம்பால் முடியாது’ என்பது முழு விடை ஆகாது. முடியும், நிலைக்காது. சூடான செம்பின் மேல் கறுப்பாக ஆக்சைடு படியும். அந்தப் படிவு செதில் செதிலாக உதிரும், உள்ளேயுள்ள செம்பு மீண்டும் காற்றுக்குத் தெரியும், மீண்டும் ஆக்சைடாகும். தலைமுடி அளவு கம்பி இதை எத்தனை முறை தாங்கும்? அதோடு செம்பின் மின்தடை 800 டிகிரி செல்சியஸில் அறை வெப்பநிலையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். சூடான நிலைக்கு 53 ஓம் என்று வடிவமைத்தால், குளிர்ந்த நிலையில் சுவிட்சைப் போட்ட கணத்தில் நான்கு மடங்கு மின்னோட்டம் பாயும். இரும்பு இன்னும் மோசம்: சிவக்கச் சூடேறும்போது அதன் மின்தடை பத்து மடங்கை நெருங்கும்.

‘உருகுநிலை அதிகம்’ என்ற வரியையும் இப்படி உரசிப் பார்க்கலாம். நிக்ரோமின் உருகுநிலை 1400 டிகிரி அளவில். டங்ஸ்டனுக்கு 3400 டிகிரிக்கும் மேல். அப்படியானால் அடுப்புக்கு ஏன் டங்ஸ்டன் இல்லை? காற்றில் சிவக்கச் சூடேற்றினால் டங்ஸ்டன் எரிந்து ஆக்சைடாகிவிடும். அதனால்தான் மின்விளக்கில் அதைக் கண்ணாடிக் குமிழுக்குள், காற்றை வெளியேற்றியோ மந்த வாயுவை நிரப்பியோ பூட்டி வைத்தார்கள். திறந்த அடுப்புக்கு உருகுநிலை ஒரு தேவை, அவ்வளவே. முடிவெடுப்பது காற்றோடு அந்தக் கம்பி நடத்தும் உறவு.

நிக்ரோம் அந்த உறவை எப்படிச் சமாளிக்கிறது? சூடானதும் அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடாகிறது. மெல்லிய, அடர்த்தியான, கம்பியோடு ஒட்டிக்கொள்ளும் படலம் அது. ஆக்சிஜன் அதைத் தாண்டி உள்ளே போவது கடினம். ஆக, நிக்ரோம் ‘ஆக்சிஜனேற்றம் அடையாது’ என்று எழுதுவதைவிட, ‘முதலில் மேற்பரப்பு ஆக்சைடாகி, அந்தப் படலமே உட்பகுதியைக் காக்கிறது’ என்று எழுத வைப்பது நல்லது. அலுமினியப் பாத்திரம் துருப்பிடித்து ஓட்டையாகாமல் இருப்பதற்கும் இதே காரணம்தான் என்றால் வேதியியலும் கூடவே வந்து நிற்கும்.

காற்றில் சிவந்தபடியே நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும் உலோகமாக ஒரு காலத்தில் பிளாட்டினம் இருந்தது. அதன் விலையில் யார் வீட்டிலும் ரொட்டி சுட முடியாது. அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலையும் குரோமியத்தையும் சேர்த்த கம்பிக்கு 1906-இல் காப்புரிமை பெற்ற பிறகே மின் அடுப்பும் ரொட்டி சுடும் கருவியும் மின் சலவைப்பெட்டியும் சாதாரண வீடுகளுக்குள் நுழைய வழி பிறந்தது.

இனி உலோகக்கலவைகளுக்கு வருவோம். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நிக்கலின் மின்தடை எண் 0.07 மைக்ரோ ஓம் மீட்டர். குரோமியத்தின் மின்தடை எண் 0.13. இரண்டையும் 80-க்கு 20 என்று கலந்தால் கலவையின் மின்தடை எண் என்னவாக இருக்கும்? வகுப்பில் கேட்டுப் பாருங்கள். இடைப்பட்ட ஏதோ ஒன்று, 0.08 அல்லது 0.09 என்பார்கள். பாலில் தண்ணீர் கலந்த கணக்கு. உண்மை விடை 1.09. இரண்டில் பெரிய எண்ணைவிட எட்டு மடங்கு. கான்ஸ்டன்டனும் அப்படித்தான்: செம்பு 0.017, நிக்கல் 0.07, இரண்டும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி கலந்தால் 0.49.

ஏன் இப்படி? தூய உலோகத்தில் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக இருக்கின்றன. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரே வகுப்பு மாணவர்கள் நேர் வரிசையாக நிற்பதைப் போல என்று சொல்லலாம். வரிசைகளுக்கு இடையே ஒருவர் இடிக்காமல் ஓடிவிட முடியும். வரிசையில் நிற்பவர்கள் அசையத் தொடங்கினால் ஓடுபவருக்குத் தடை கூடும். வெப்பநிலை உயர்வது என்பது இந்த அசைவு கூடுவது. எனவே தூய உலோகத்தின் மின்தடை வெப்பநிலையோடு கணிசமாக ஏறுகிறது. உலோகக்கலவையிலோ முதல் வகுப்புப் பிள்ளையும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையும் முன்பின்னாகக் கலந்து நிற்கிறார்கள். வரிசையே கோணல். அவர்கள் அசையாமல் நின்றாலும் ஓடுபவர் நாலடிக்கு ஒருமுறை இடித்துக்கொள்வார். அப்படி இருக்கையில் அவர்கள் கொஞ்சம் அசைந்தால் என்ன, அசையாவிட்டால் என்ன?

இந்த ஒப்புமை எலக்ட்ரானின் அலைப்பண்பைப் பற்றி எதுவும் சொல்லாது. மேல்நிலை வகுப்பில் அதைக் குறிப்பிட்டுவிட வேண்டும். ஆனாலும் ஒரு பெரிய உதவி செய்கிறது. உலோகக்கலவையின் மின்தடை எண் அதிகமாக இருப்பதும், வெப்பநிலை மின்தடை எண் மிகக் குறைவாக இருப்பதும் இரண்டு தனித்தனிச் செய்திகள் அல்ல, ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள் என்பதை மாணவர் பார்த்துவிடுவார். ஒழுங்கின்மையால் வரும் தடை வெப்பநிலையைப் பொருட்படுத்துவதில்லை. அசைவால் வரும் தடை மட்டுமே ஏறி இறங்குகிறது. முதலாவது மலையளவு இருக்கும்போது இரண்டாவதன் ஏற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எண்களை ஓரிடத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். மின்தடை எண் 20 டிகிரி செல்சியஸில், மைக்ரோ ஓம் மீட்டரில். அடுத்தது, அறை வெப்பநிலையிலிருந்து 100 டிகிரி உயர்ந்தால் மின்தடை எவ்வளவு மாறும் என்பது.

செம்பு: 0.017, ஏறத்தாழ 39 விழுக்காடு கூடும்.
இரும்பு: 0.10, 50 விழுக்காட்டுக்கு மேல் கூடும்.
மாங்கனின் (செம்பு, மாங்கனீசு, சிறிது நிக்கல்): 0.43 முதல் 0.48, அறை வெப்பநிலையை ஒட்டி மாற்றம் மிகமிகச் சிறிது.
கான்ஸ்டன்டன் (செம்பு 55, நிக்கல் 45): 0.49; அரை விழுக்காடு கூட மாறாது.
நிக்ரோம் (நிக்கல் 80, குரோமியம் 20): 1.09, ஒன்று முதல் இரண்டு விழுக்காடு.
இரும்பு–குரோமியம்–அலுமினியக் கலவை: 1.35 முதல் 1.45, அரை விழுக்காட்டுக்கும் குறைவு.

நிக்ரோமின் மின்தடை எண் நூலுக்கு நூல் 1.0, 1.1, 1.5 என்று மாறி வருவதைக் கண்டு சில ஆசிரியர்கள் குழம்புவதுண்டு. நிக்ரோம் என்பது ஒற்றைப் பொருள் அல்ல, ஒரு குடும்பப் பெயர். நிக்கல், குரோமியம் மட்டும் உள்ளதும் உண்டு; இரும்பு கணிசமாகச் சேர்ந்ததும் உண்டு. தேர்வுக்கு அந்தந்தப் பாடநூல் எண்; கம்பி வாங்கினால் அதன் உறையில் அச்சிட்ட எண். மாணவரிடம் இதை மறைக்க வேண்டியதில்லை.

பட்டியலின் கடைசியில் உள்ள இரும்பு–குரோமியம்–அலுமினியக் கலவை நம் பாடநூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் கடைகளில் தாராளமாகப் புழங்குகிறது. ஸ்வீடனில் ஹான்ஸ் வான் கான்ட்சோ என்பவர் இதை உருவாக்கினார்; அவர் பெயரையும் ஹால்ஸ்டாஹம்மர் என்ற ஊரின் பெயரையும் சேர்த்துக் ‘காந்தால்’ என்று வணிகப் பெயர் வைத்தார்கள். 1931-இல் அந்தப் பெயரிலேயே நிறுவனம் தொடங்கியது. இதில் விலையுயர்ந்த நிக்கல் இல்லை. மேற்பரப்பில் உண்டாவது அலுமினியம் ஆக்சைடு. அது குரோமியம் ஆக்சைடைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும். நிக்ரோம் கம்பியை 1200 டிகிரி வரை பயன்படுத்தலாம் என்றால் இதன் உயர்ந்த வகைகளை 1400 டிகிரி வரை பயன்படுத்தலாம். மட்பாண்டச் சூளை போன்ற மின் உலைகளில் இதற்கே முதலிடம்.

அப்படியானால் நிக்ரோமை ஏன் இன்னும் விட்டுவிடவில்லை? இங்கேதான் ஒப்பிடுதல் சுவையாகிறது. இரும்பு–குரோமியம்–அலுமினியக் கம்பி சில காலம் சூடானபின் நொறுங்கும் தன்மை அடைகிறது. உள்ளே படிகத் துகள்கள் பெரிதாகிவிடுவதே காரணம். பழைய சுருளைக் கையால் வளைத்தால் பட்டென்று முறியும். மிக உயர்ந்த வெப்பநிலையில் தன் எடையைத் தானே தாங்காமல் தொங்கியும் போகும். நிக்ரோம் பல முறை சூடாகி ஆறிய பிறகும் வளைந்து கொடுக்கும். அதிரும் இடத்தில், அடிக்கடி சூடாகி ஆறும் இடத்தில் அதற்கு மதிப்பு உண்டு.

இரண்டையும் வகுப்பிலேயே பிரித்தறிய ஒரு காந்தம் போதும். நிக்கல் 80, குரோமியம் 20 கலவை காந்தத்தில் ஒட்டாது. நிக்கல் காந்தப் பொருள்தானே என்று மாணவர் கேட்பார். குரோமியம் சேர்ந்ததும் அந்தப் பண்பு அறை வெப்பநிலையில் போய்விடுகிறது. இரும்பு–குரோமியம்–அலுமினியமோ நன்றாக ஒட்டும். மின்பொருள் கடையில் ‘நிக்ரோம் காயில்’ என்று கேட்டு வாங்கிய இரண்டு மூன்று சுருள்களைக் காந்தத்தால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் கூடச் செய்யலாம். காந்தவியல் பாடத்தில் ஆணியையும் குண்டூசியையும் தவிர வேறு ஒரு பொருளும் கிடைக்கும்.

வெப்பப் பண்புகளில் இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வெப்ப விரிவு. ஒன்பதரை மீட்டர் நிக்ரோம் கம்பி அறை வெப்பநிலையிலிருந்து 800 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளும். நேர்க்கம்பியாக இழுத்துக் கட்டியிருந்தால் தொய்ந்து அக்கம் பக்கத்தைத் தொட்டுவிடும். சுருளாக இருப்பதால் ஒவ்வொரு வளையமும் சிறிது விரிந்து அதை வாங்கிக்கொள்கிறது. சுருள் வடிவம் இடத்தை மிச்சப்படுத்த மட்டும் அல்ல. மற்றொன்று, தன் வெப்ப ஏற்புத்திறன். 16 கிராம் கம்பியை 800 டிகிரி உயர்த்த, ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரிக்கு 460 ஜூல் என்று கொண்டால், ஆறாயிரம் ஜூலுக்குக் கிட்டத்தட்ட. 1000 வாட் கொடுக்கும்போது ஆறு விநாடி. வழியில் இழக்கும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் சில விநாடி. அடுப்புச் சுருள் எவ்வளவு விரைவில் சிவக்கிறது என்று வீட்டில் பார்த்த அனுபவத்தோடு இந்தக் கணக்கு ஒத்துப்போவதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வார்கள்.

சூடாக்கும் கம்பிக்கு இவ்வளவு. அளக்கும் கம்பி முற்றிலும் வேறு. மேல்நிலை ஆய்வகத்தில் மீட்டர் சமனச்சுற்றிலும் மின்னழுத்தமானியிலும் உள்ள கம்பி மாங்கனின் அல்லது கான்ஸ்டன்டன். அங்கே வெப்பம் வேண்டாத விருந்தாளி. மின்னோட்டம் பாயும்போது கம்பி சிறிது சூடானாலும் மின்தடை மாறக்கூடாது. அளவீட்டுக் கருவிகள் செய்துவந்த எட்வர்ட் வெஸ்டன் இந்த இரு கலவைகளையும் உருவாக்கியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில். வெப்பநிலை உயர்ந்தால் உலோகத்தின் மின்தடை உயர்ந்தே தீரும் என்ற எண்ணத்தை அவை உடைத்தன.

பட்டியலைப் பார்த்தால் மாங்கனினும் கான்ஸ்டன்டனும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. ஆனாலும் படித்தர மின்தடைகளுக்கு மாங்கனினையே விரும்புவார்கள். காரணம் கம்பியில் இல்லை, கம்பி செம்போடு சேரும் முனையில் இருக்கிறது. கான்ஸ்டன்டனும் செம்பும் சேரும் இரு முனைகளுக்கு இடையே ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் 40 மைக்ரோவோல்ட் அளவு மின்னியக்கு விசை தோன்றும். மாங்கனின்–செம்பு இணைப்பில் அது ஓரிரு மைக்ரோவோல்ட்தான். மில்லிவோல்ட்டின் சிறு பகுதிகளை அளப்பவருக்கு இது பெரிய வேறுபாடு. அதே 40 மைக்ரோவோல்ட்டை விரும்பி ஏற்றுக்கொள்ளும் இடமும் உண்டு: செம்பு–கான்ஸ்டன்டன் வெப்ப மின்னிரட்டை வெப்பநிலையை அளப்பது அதைக்கொண்டே. ஓர் இடத்தில் குறை, இன்னோர் இடத்தில் அதுவே தொழில். ‘எந்தக் கம்பி சிறந்தது?’ என்ற வினாவை வினாத்தாளிலிருந்து எடுத்துவிட்டு, ‘இந்த வேலைக்கு எந்தக் கம்பி, ஏன்?’ என்று கேட்டால் மனப்பாட விடை பலிக்காது.

வகுப்பில் செய்துகாட்ட இரண்டு சோதனைகள். முதலாவதற்கு மல்டிமீட்டர் ஒன்று போதும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றையும் 1000 வாட் சுருள் ஒன்றையும் மின் இணைப்பில் இல்லாமல் மேசை மேல் வையுங்கள். இரண்டின் மின்தடையையும் முதலில் கணக்கிடச் சொல்லுங்கள்: பல்புக்கு 882 ஓம், சுருளுக்கு 53 ஓம். பிறகு அளக்கச் சொல்லுங்கள். சுருள் 50 ஓமை ஒட்டிக் காட்டும். பல்பு, கணக்கிட்டதில் பத்தில் ஒரு பங்கு கூடக் காட்டாது. பல்பு பழுது என்று முதலில் சொல்வார்கள். டங்ஸ்டன் தூய உலோகம், எரியும்போது 2500 டிகிரி அளவில் இருக்கிறது, நாம் அளந்தது குளிர்ந்த நிலையில் என்று அவர்களாகவே வந்து சேரச் சிறிது நேரம் கொடுங்கள்.

இரண்டாவதற்கு இரண்டு பேட்டரி செல்கள், ஒரு டார்ச் பல்பு, ஒரு மெழுகுவர்த்தி அல்லது சாராய விளக்கு. மெல்லிய இரும்புக் கம்பி கிடைக்காவிட்டால் மிதிவண்டி பிரேக் கம்பியைப் பிரித்து ஓர் இழையை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றரை மீட்டர் நீளத்தைப் பென்சிலில் நெருக்கமாக, ஆனால் வளையங்கள் ஒன்றையொன்று தொடாமல் சுற்றி, பல்போடு தொடராக இணையுங்கள். சுருளைச் சுடரில் காட்டினால் பல்பு மங்கும். சுடரை விலக்கினால் மெல்லத் தெளியும். இப்போது இரும்பை எடுத்துவிட்டு, ஏறத்தாழ அதே தடிமனில் 20 முதல் 30 சென்டிமீட்டர் நிக்ரோமைப் போடுங்கள். எவ்வளவு சூடேற்றினாலும் பல்பு அசைந்து கொடுக்காது. ஒன்றரை மீட்டருக்குப் பதில் ஒரு சாண் போதுமாக இருந்தது மின்தடை எண்ணைக் காட்டுகிறது. பல்பு மங்காதது வெப்பநிலை மின்தடை எண்ணைக் காட்டுகிறது. பிரேக் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் மங்குவது குறைவாகத் தெரியும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள். கம்பியின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கக்கூடும் என்பதால் சன்னலோரமாக வைத்துச் செய்வது நல்லது.

வீட்டோடு தொடர்புள்ள ஒன்றை இந்தப் பாடத்தில் கட்டாயம் சொல்லியாக வேண்டும் என்பேன். திறந்த காயில் அடுப்பு அறுந்துவிட்டால், அறுந்த இரு முனைகளையும் இழுத்து முறுக்கிவிட்டு மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நீளம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மின்தடை பத்தில் ஒரு பங்கு குறையும்; மொத்தத் திறன் 11 விழுக்காடு கூடும். ஆனால் அந்தக் கூடுதல் வெப்பம் குறைந்த நீளத்தில் வெளிவர வேண்டும். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 23 விழுக்காடு சுமை கூடுகிறது. முறுக்கிய இடத்தில் தொடர்பு சரியில்லாமல் தனியாக வேறு சூடேறும். சில நாளில் மீண்டும் அறும், மீண்டும் முறுக்குவார்கள், சுமை மீண்டும் கூடும். இதற்கிடையே அந்தச் சுருள் முழுவதும் மின்சாரம் பாயும் திறந்த கம்பி. மேலே வைத்த பாத்திரத்தின் அடி தொட்டால் பாத்திரமே மின்னேற்றம் பெறும். மூடிய உலோகக் குழாய்க்குள் மக்னீசியம் ஆக்சைடுத் தூளை நிரப்பி, நடுவில் சுருளை வைத்துச் செய்யும் சூடேற்றிகளில் இந்த ஆபத்து மிகக் குறைவு. அந்தத் தூள் மின்சாரத்தைத் தடுக்கும், வெப்பத்தை ஓரளவு நன்றாகவே கடத்தும். உலோகங்களில் மின்கடத்தலும் வெப்பக்கடத்தலும் கைகோத்தே போகின்றன. செம்பு இரண்டிலும் சிறந்தது, நிக்ரோம் இரண்டிலும் பின்தங்கியது. இந்த வெள்ளைத் தூள் அந்த வழக்கத்தை மீறுகிறது. எந்த வகையானாலும் 230 வோல்ட் இணைப்பில் மாணவரைச் சோதனை செய்ய விடக்கூடாது. மேலே சொன்ன இரண்டு சோதனைகளுக்கும் அது தேவையும் இல்லை.

கம்பி வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. நிக்ரோமில் சாதாரண ஈயப் பற்றவைப்பு ஒட்டாது; அதைக் காக்கும் அதே ஆக்சைடு படலம் இங்கே குறுக்கே நிற்கிறது. முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, பித்தளைத் திருகு முனையில் இறுக்கிவிடுங்கள். பழைய பிளக் போன்றவற்றைப் பிரித்தால் கிடைக்கும் திருகுகளே போதும். கான்ஸ்டன்டனையும் மாங்கனினையும் பற்றவைக்க முடியும்.